ஏழாவது காட்சியில் ஓர் ஆள் அதிகம்

வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் நாயும் பூனையும் என்ன கூத்தடிக்கும் என்பதுதான் கதை. குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்துச் சிரிக்கிற கார்ட்டூன் படம். எடுக்கக் கிளம்பியவர்கள் இருபத்தாறு பேர், அதில் ஒருவருக்கும் அவை உண்மையில் என்ன செய்யும் என்று தெரியாது. தெரியாததைத் துணிந்து வரைவதுதான் அந்தத் தொழிலே என்றாலும், டைரக்டருக்கு ஒருநாள் திடீரென்று மனசாட்சி உறுத்திவிட்டது.

"எல்லாரும் அவங்கவங்க வீட்டுல ஒரு கேமரா வைங்க. நீங்க கிளம்பினதுக்கப்புறம் அதுங்க என்ன பண்ணுதுன்னு பாத்து வரைங்க. போன படத்துல நாய் ஓடினா சோபா ஓடுற மாதிரி இருந்துச்சு" என்றார்.

ஒரு வாரத்தில் வண்டவாளம் தெரிந்துவிட்டது. பின்னணி வரைபவரின் பூனை ஆறு மணி நேரம் தூங்கி, எழுந்து, மறுபக்கம் புரண்டு, விட்ட இடத்திலிருந்து தூங்கியது. எடிட்டரின் நாய் செருப்பைக் கூடக் கடிக்கவில்லை. ஆமை வளர்க்கிற ஒலிப்பதிவுக்காரர் இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறார். 'நாய்க்கு வேலையில்லை, நிற்க நேரமில்லை' என்று சொல்லிவைத்த பெரியவர்கள் கேமரா வைத்துப் பார்த்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள்.

பென்சில் மட்டும் தன் வீட்டில் என்ன நடந்தது என்று யாரிடமும் சொல்லவில்லை.

பென்சில் என்பது பட்டப்பெயர். எல்லாரும் கணினியில் வரைய ஆரம்பித்துப் பல காலம் ஆன பிறகும் காதில் ஒரு பென்சிலைச் செருகிக்கொண்டு வருவாள். நாற்பத்தாறு வயது. அந்த ஸ்டுடியோவில் நாலு கால் பிராணி எது நடந்தாலும் அவள் கையில்தான் நடக்கும். இந்தப் படத்திலும் ஏழாவது காட்சி அவளுடையது. வீட்டுக்காரர்கள் கதவைப் பூட்டிவிட்டுப் போகிறார்கள், மூன்று விநாடி அமைதி, அப்புறம் நாயும் பூனையும் ஆட்டம் போடுகின்றன. படத்தின் உயிரே அந்தக் காட்சிதான் என்று டைரக்டர் சொல்லியிருந்தார். எல்லாக் காட்சியையும் அப்படித்தான் சொல்வார்.

அவள் வீட்டில் ஒரு நாய், ஒரு பூனை. நாய்க்கு வாட்ச்மேன் என்று பெயர். யார் வந்தாலும் வாலாட்டி உள்ளே விடும். பூனைக்கு மாமியார் என்று பெயர். எதை வைத்தாலும் முகர்ந்து பார்த்துக் குறை கண்டுவிட்டுப் போகும். இரண்டு பெயரும் வைத்தது அவள் புருஷன். எட்டு மாதத்துக்கு முன்னால் அவர் போய்விட்டார்.

அவருக்குப் பத்திரிகை அச்சகத்தில் வேலை. மத்தியானம் மூன்று மணிக்கு ஷிஃப்டுக்குக் கிளம்பினால், எல்லாரும் தூங்கின பிறகு வந்து படுப்பார். அவள் காலை எட்டரைக்குக் கிளம்பும்போது அவர் அயர்ந்து தூங்கிக்கொண்டிருப்பார், பதினொன்றுக்குத்தான் எழுந்திருப்பார். ஒரே வீட்டில் இரண்டு ஷிஃப்டாகக் குடித்தனம். ஞாயிற்றுக்கிழமைப் புருஷன் என்று அவள் கேலி செய்வாள். அந்த ஞாயிற்றுக்கிழமையிலும், "இந்த நாய சோபால ஏத்தாதீங்க, முடி கொட்டுது" என்பதுதான் அவருடைய முக்கியமான பேச்சு.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. இரண்டு நாற்பதுக்கு அவர் போன் செய்தார். அவள் அப்போது டைரக்டர் முன்னால் ஒரு காட்சியைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். கட் செய்தாள். 'அப்புறம் கூப்பிடுறேன்' என்று எழுதி அனுப்பினாள். அப்புறம் மறந்தும் போனாள். நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள்தான் பார்த்தாள். சமையலறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், மடியில் நாயின் தலை, கையில் போன்.

"ஒரு நொடியில போயிருக்கும்மா, கஷ்டப்பட்டிருக்க மாட்டார்" என்றார் டாக்டர். எல்லா டாக்டரும் எல்லா வீட்டிலும் சொல்வதுதான். ஆனால் எதற்காகக் கூப்பிட்டார்? நெஞ்சு வலிக்கிறது, வா என்று சொல்லவா? வரும்போது பிஸ்கட் வாங்கிட்டு வா என்று சொல்லவா? அதை எந்த டாக்டரிடம் போய்க் கேட்பது? எட்டு மாதமாக அந்த ஒரு கேள்வியோடுதான் எழுந்தாள், அதோடுதான் படுத்தாள்.

கேமராவைப் புத்தக அலமாரியின் மேல் வைத்தாள். வாசல், கூடம், சோபா, படுக்கையறைக் கதவு, சமையலறைச் சுவர் எல்லாம் தெரிந்தன. மறுநாள் ஸ்டுடியோவில் உட்கார்ந்து, ஓட்டி ஓட்டிப் பார்த்தாள். எட்டரையிலிருந்து பதினொன்று வரை ஒன்றுமில்லை, இரண்டும் கும்பகர்ணன் பேரப்பிள்ளைகள் மாதிரித் தூங்கின. பதினொன்றுக்கு நாய் எழுந்து நின்றது. படுக்கையறைக் கதவைப் பார்த்து வாலாட்டியது. கதவிலிருந்து யாரும் வரவில்லை. ஆனால் நாய், வந்தவரைப் பார்ப்பது போலத் தலையைத் தூக்கிப் பார்த்தது. பார்த்தபடியே கூடத்தைக் கடந்து சமையலறைக்கு நடந்தது.

வேறு யாராக இருந்தாலும் நாய் நடக்கிறது என்று விட்டிருப்பார்கள். இவளுக்குப் பிழைப்பே நடைதான். ஒரு விநாடி நடைக்கு இருபத்து நான்கு படம் வரைகிறவள். "இது நாயோட நடை இல்லையே" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

இரண்டு எட்டு வைத்தது, ஒரு கணம் தயங்கியது. மறுபடி இரண்டு எட்டு, ஒரு தயக்கம். எண்ணிப் பார்த்தாள். முதல் எட்டுக்குப் பன்னிரண்டு படம், அடுத்ததற்குப் பதினெட்டு. தனியாகப் போகிற நாய் இப்படி நடக்காது. மெதுவாக வருகிற ஒருவருக்காக நின்று நின்று போகிற நடை அது. அவருக்கு இடது முழங்கால் வீணாகிப் பல வருஷம். அந்தக் காலை இழுத்து வைக்க எவ்வளவு நேரமாகும் என்று அவளுக்குத் தெரியும். நாயின் கண்ணிலிருந்து ஒரு கோடு இழுத்துப் பார்த்தாள். கோடு போய் நின்ற உயரம் அவருடைய முகவாய்.

அவள் திரையை மூடவில்லை. நாற்காலியில் கிடந்த மாமியார் எழுந்து இறங்கி இடம் விட்டது. உலகமே புரண்டாலும் யாருக்கும் எழுந்து இடம் கொடுக்காத பூனை அது. பதினொன்றரைக்கு வாட்ச்மேன் சோபாவில் ஏறி, ஓர் ஆள் உட்கார இடம் விட்டு, ஓரமாகப் படுத்தது. அடப்பாவி மனுஷா, ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் முடி கொட்டுமா என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதாள். பக்கத்து மேஜைக்காரர் காட்சி அவ்வளவு காமெடியாக வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டரைக்கு மேல் அவளால் பார்க்க முடியவில்லை, நிறுத்திவிட்டாள். அதற்கப்புறம் எந்த நாளும் இரண்டரையோடு நிறுத்திவிடுவாள்.

பழக்கம் என்று மனதைத் தேற்றினாள். மணி அடித்தால் சோற்றுக்கு வருகிற பிராணிகள், எட்டு மாதம் என்ன, எட்டு வருஷமும் பழக்கத்தை விடாது. மூன்றாம் நாள் அந்தச் சமாதானமும் போயிற்று. மாமியார் சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்திருந்தது. காற்றாடி ஓடவில்லை. ஜன்னல் சாத்தியிருந்தது. பூனையின் கழுத்து முடி அமுங்கியது. அமுங்கின இடம் முதுகு வழியாக நகர்ந்து வால் வரை போனது. முடி மறுபடி எழுந்தது. மறுபடி கழுத்திலிருந்து அமுங்கியது. மாமியார் கண்ணை மூடிக்கொண்டு காட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் தலைவலி என்று லீவு போட்டு வீட்டில் இருந்தாள். பதினொன்றாயிற்று, பன்னிரண்டாயிற்று, இரண்டும் தூங்கின. ஆள் இருக்கிறதால்தான் என்று குளியலறைக்குள் ஒளிந்து ஒரு மணி நேரம் பார்த்தாள். வாட்ச்மேன் வந்து குளியலறைக் கதவுக்கு வெளியே படுத்துக்கொண்டு, இவளுக்கு என்ன ஆயிற்று என்று முனகியது. அதற்கடுத்த நாள் வேலைக்குப் போனாள். சரியாகப் பதினொன்றுக்குப் படுக்கையறைக் கதவைப் பார்த்து வால் ஆடியது. வீடு காலியாக இருந்தால்தான் அவர் வருகிறார். அவள் இருந்தால் இல்லை. உயிரோடு இருந்தபோதும் அப்படித்தானே இருந்தது.

பிறகு அவள் செய்த காரியத்தை வரைகிறவர்கள் மட்டும்தான் செய்வார்கள். கணினியில் படத்தை அடுக்கடுக்காக வரைவது வழக்கம். கூடம் ஓர் அடுக்கு, நாய் ஓர் அடுக்கு, பூனை ஓர் அடுக்கு. எந்த அடுக்கையும் மறைக்கலாம், காட்டலாம். ஏழாவது காட்சியில் நாயையும் பூனையையும் கேமராவில் பார்த்தபடியே வரைந்தாள். பிறகு, நாய் பார்க்கிற இடத்தில், பூனை முதுகைக் காட்டுகிற இடத்தில், இன்னோர் அடுக்கு போட்டு அவரை வரைந்தாள். பழைய சட்டை, இழுத்து வைக்கிற கால், பூனை முதுகில் கை. நாய்க்குக் கேக் துண்டைப் பிட்டுப் போட்டு, யாரிடமும் சொல்லாதே என்று விரலை வாயில் வைக்கிற மாதிரியும் வரைந்தாள். அதை அவள் பார்க்கவில்லை. ஆனால் நாய் வாயைத் திறந்த விதத்துக்கு வேறு காரணம் இருக்க முடியாது.

அந்த அடுக்கை மறைக்காமல் அனுப்பிவிட்டாள். இருபது வருஷத்தில் அப்படி ஒரு தவறு செய்ததில்லை. யானைக்கும் அடி சறுக்கும், பென்சிலுக்கும் முனை ஒடியும்.

திரையிடும் அறையில் இருபத்தாறு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். காட்சி ஓடியது. கால் இழுத்து நடக்கிற ஓர் ஆள், பின்னாலேயே சொக்கிப் போய் நடக்கிற நாய், திருட்டுத்தனமாகக் கேக், சோபாவில் மூன்று பேரும் கவுன்சில் மீட்டிங் மாதிரி வரிசையாக. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பென்சில் எழுந்து நின்றுவிட்டாள்.

"நல்லாருக்கும்மா, பிரமாதம். ஆனா வீட்டுல யாரும் இல்லங்கிறதுதானே கதை? இந்த ஆள் யாரு? எடுத்துட்டுப் போடுங்கப்பா" என்றார் டைரக்டர்.

எடிட்டர் அந்த அடுக்கை மறைத்துவிட்டு மறுபடி ஓட்டினார். அதே நாய், அதே பூனை, அதே கூடம். நாய் ஒன்றுமில்லாத இடத்தை அண்ணாந்து பார்த்து வாலாட்டிக்கொண்டு, நின்று நின்று நடந்தது. பூனையின் முதுகு முடி தானாக அமுங்கியது. நாய் வாயைத் திறந்து, ஒன்றுமில்லாததைத் தின்றது. அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. யாரோ விளக்கைப் போட்டார்கள்.

"என்னம்மா இது, காமெடி எடுக்கச் சொன்னா பேய்ப்படம் எடுத்துட்டு வந்திருக்க" என்றார் டைரக்டர். சொல்லும்போதே அவர் குரல் தணிந்துவிட்டது. பின்னணி வரைபவர் அவர் காதில் என்னவோ சொன்னார். ஸ்டுடியோ ஆண்டு விழாவுக்கு ஒருமுறை வந்திருந்த பென்சிலின் புருஷனை அவருக்கு அடையாளம் தெரிந்திருந்தது.

டைரக்டர் அவள் அருகில் வந்தார். "நாம இந்த காட்சிய வேற யார்கிட்டயாவது குடுப்போம்மா. நீ கொஞ்ச நாள் மகளோட இரு."

மகளோடு இருப்பதுதான் அவளுக்கு இப்போது சிக்கலாக இருந்தது. பதினைந்து வயது மகளுக்கு வெள்ளிக்கிழமையோடு பரீட்சை முடிகிறது. திங்கட்கிழமையிலிருந்து இரண்டு மாதம் விடுமுறை. பகலெல்லாம் மகள் வீட்டில் இருந்தால் வீடு காலியாக இருக்காது. வீடு காலியாக இல்லாவிட்டால்?

"லீவுக்குச் சித்தி வீட்டுக்குப் போயிட்டு வாயேன். அவ கூப்பிட்டுக்கிட்டே இருக்கா" என்றாள் மறுநாள் காலையில், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே.

"எத்தன நாள்?"

"இருந்துட்டு வா. ரெண்டு மாசமும்கூட இரு."

மகள் ரொட்டியைத் தட்டில் வைத்தாள். "நான் இருந்தா அப்பா வரமாட்டார். அதானேம்மா?"

பென்சில் வெண்ணெய்க் கத்தியைக் கீழே வைத்தாள்.

"நீ வீட்டுக்குக் கொண்டுவர்ற லேப்டாப்புல எல்லாத்தையும் பாத்துட்டேன். படமும் பாத்தேன், கேமராவுல இருக்கறதும் பாத்தேன். பதினோரு மணிலேர்ந்து ரெண்டர வரைக்கும் தேஞ்சு போற அளவுக்கு ஓட்டியிருக்க. நாலு மணிக்கு அப்புறம் அந்த கேமராவுல யார் இருக்கான்னு ஒரு தடவையாவது பாத்தியா?" மகள் அழவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "அன்னிக்கு கதவ திறந்தது நான்மா. நீ இல்ல. இன்னிக்கும் தினம் நான்தான் திறக்கறேன்."

அன்றைக்கு ஸ்டுடியோவில், பழைய பதிவில் முதல் முறையாக நாலு மணிக்குப் பிந்தியதை ஓட்டினாள். கதவு திறந்தது. மகள் வாசலிலேயே கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். கண்ணைத் திறக்காமலே, சமையலறைச் சுவர் பக்கம் திரும்பாமல், எதிர்ச் சுவரைக் கையால் தடவிக்கொண்டு சோபா வரை வந்தாள். பள்ளிக்கூடப் பையைக் கழற்றவில்லை, விளக்குப் போடவில்லை, தண்ணீர் குடிக்கக்கூடச் சமையலறைக்குப் போகவில்லை. நாயைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். ஆறு மணிக்கு அம்மாவின் சாவிச் சத்தம் கேட்டதும் துள்ளி எழுந்து, பையை வீசிவிட்டு, டிவியைப் போட்டுக்கொண்டு, என்னவோ வெகு நேரமாகச் சிரித்துக்கொண்டிருப்பவள் போல உட்கார்ந்தாள். முந்தின நாளும் அப்படித்தான். அதற்கு முந்தின நாளும் அப்படித்தான்.

தன் பெண்ணை விட்டுவிட்டு வெறும் காற்றைக் காவல் காத்திருக்கிறோமே என்று அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. போனை எடுத்து மகளை அழைத்தாள். "சித்தி வீடெல்லாம் வேண்டாம். திங்கக்கிழமையிலேர்ந்து நானும் லீவு, ரெண்டு பேரும் வீட்டுலதான் இருக்கப் போறோம். வெள்ளிக்கிழமை பரீட்ச மத்தியானமே முடியுதுல்ல, நேரா இங்க வா. ஒரே ஒரு நாள், என்கூட சேர்ந்து பாரு. ரெண்டரைக்கு மேல எனக்குத் தனியா பாக்க தைரியம் இல்ல."

வெள்ளிக்கிழமை மகள் சீருடையோடு வந்தாள். ஸ்டுடியோவின் பின்புற மாடிப்படியில் இருவரும் ஒட்டி உட்கார்ந்து, அம்மாவின் போனில் வீட்டைப் பார்த்தார்கள். பதிவு இல்லை, அந்த நேரத்தில் நடக்கிறதே தெரிந்தது. இரண்டரைக்கு வாட்ச்மேன் சோபாவிலிருந்து சட்டென்று இறங்கியது. மாமியாரும் இறங்கியது. இரண்டும் சமையலறைச் சுவர்ப் பக்கம் போய் உட்கார்ந்தன. அவற்றின் பார்வை இப்போது உயரத்தில் இல்லை. தாழ்ந்து, சுவரோரம் தரையில் உட்கார்ந்திருக்கிற ஒருவரின் முகம் எங்கே இருக்குமோ அங்கே நிலைத்தது. நாய், ஒரு மடியில் வைப்பது போல, மெதுவாகத் தலையைத் தாழ்த்தி வைத்தது.

மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு நாற்பது ஆயிற்று.

அந்தக் கேமராவில் பேசவும் முடியும். தூரத்திலிருந்து நாயை அதட்டுவதற்கென்று போனிலேயே ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். பென்சில் அதுவரை அதைத் தொட்டதில்லை. இப்போது கட்டை விரலால் அழுத்தினாள். எட்டு மாதத்துக்கு முன்னால் இதே நேரத்தில் சொல்லியிருக்க வேண்டிய ஒரே ஒரு வார்த்தையைச் சொன்னாள்.

"சொல்லுங்க."

அவள் குரல் காலி வீட்டில் ஒலித்தது இங்கேயும் கேட்டது. எஜமானியின் குரல் கேட்டால் குரல் வந்த பக்கம் பாய்கிற நாய், கேமராவைத் திரும்பிப் பார்க்கவில்லை. அது சுவரோரத்தில் இருந்தவரைத்தான் பார்த்தது. பூனையும் அங்கேதான் பார்த்தது. உங்களைத்தான் கூப்பிடுகிறார்கள் என்பது போல.

பிறகு இரண்டின் பார்வையும் மெல்ல மேலே ஏறத் தொடங்கியது. முழங்கால் உயரம், இடுப்பு உயரம், ஐந்தடி, அதற்கும் மேலே. உட்கார்ந்திருந்தவர் எழுந்து நிற்கிறார் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அம்மா, வர்றார்" என்றாள் மகள்.

நாயின் தலையும் பூனையின் தலையும் ஒன்றாகத் திரும்பிக்கொண்டே வந்தன, நின்று நின்று. கடைசியில் இரண்டின் பார்வையும் கேமராவுக்கு நேர் முன்னால், ஒரு கை தூரத்தில், நிலைத்தது.

"அன்னிக்கு கட் பண்ணிட்டேங்க" என்றாள் அவள். "மீட்டிங்ல இருந்தேன். அப்புறம் கூப்பிடறேன்னு மறந்துட்டேன். எதுக்குக் கூப்பிட்டீங்க? வலிச்சுதா? ரொம்ப வலிச்சுதா?"

மகள் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அப்பா, திங்கக்கிழமையிலேர்ந்து நாங்க ரெண்டு பேரும் வீட்டுலதான் இருப்போம். நாங்க இருந்தாலும் வாங்கப்பா. எனக்குப் பயமா இருக்காது."

அந்தப் பக்கத்திலிருந்து வார்த்தை எதுவும் வரவில்லை. ஆனால் இருவரும் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. ஒருவர் விரல் வலித்தால் மற்றவர் அழுத்திக்கொண்டார்கள். பரீட்சையைப் பற்றிச் சொன்னார்கள். டைரக்டர் பயந்ததைச் சொன்னார்கள். சோபாவில் நாய் ஏறுவது தெரிந்துவிட்டது என்று சொன்னார்கள். நாயும் பூனையும் அசையாமல் அதே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

இவர்கள் கட் செய்யவில்லை. சரியாக மூன்று மணிக்கு, ஷிஃப்டுக்குக் கிளம்புகிற நேரத்தில், அந்தப் பக்கம்தான் கட் ஆனது.